பட்டுப்பசையும் வலிப்பொடியும்

டாக்டர் அதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"வலி மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு நிச்சயமா சொல்றீங்களா?"

"சத்தியமா இல்லீங்க," என்றான் என் அண்ணன். "ஆறு வருஷமா ஒரு தலைவலி மாத்திரை கூட வாயில போட்டதில்ல."

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடி பார்த்தார். அண்ணனின் கால் பக்கம் குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியின் ஏசி அறை அது.

"கிட்னி பாதி வேலைதான் செய்யுது. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. இந்த வயசுல, இவ்வளவு சீக்கிரமா இப்படி ஆகுதுன்னா, நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் வலி மாத்திரைதான் காரணம். வேற ஏதாவது? நாட்டு மருந்து?"

"மூட்டு வலிக்கு ஒரு மூலிகைப் பொடிங்க. கடுக்காய், சுக்கு, அந்த மாதிரி. அதுல ஒண்ணும் இல்ல."

"அதையும் நிறுத்துங்க. பத்து நாள் கழிச்சு திரும்ப ரத்தம் பாக்கணும்."

ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தான். கண்ணமங்கலம் தாண்டியதும் சொன்னான், "அவருக்கு இன்னா தெரியும்? பொடி இல்லன்னா நான் தறியில கால வைக்க முடியாது."

அண்ணன் குழித்தறியில் பட்டு நெய்கிறவன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவன். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. போன வருஷம் இடதும். அப்போதுதான் எங்கள் தெருக்கோடியில் மூலிகைப் பொடி இடித்து விற்கும் ஒரு அக்காவிடம் வாங்க ஆரம்பித்தான். காலையில் அரை ஸ்பூன், சாயங்காலம் அரை ஸ்பூன், வெந்நீரில். "அரை மணி நேரத்துல ஆளே மாறிடறேன்," என்று பெருமையாகச் சொல்வான்.

அரை மணி நேரம். பஸ் போகும் சத்தத்தில் இந்த வார்த்தைதான் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. சுக்கும் கடுக்காயும் அரை மணி நேரத்தில் வலியை நிறுத்துமா? வேறு யாராவது இதைக் கேட்காமல் விட்டிருந்தால் பரவாயில்லை. நான் வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். என் ஆராய்ச்சியே தண்ணீரில் கலந்திருக்கும் வலி மாத்திரையைக் கண்டுபிடிப்பதுதான். ஒரு வருஷமாக அண்ணன் அந்தப் பொடியைக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பியிருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பேனா அளவு குச்சி. அதன் நுனியில் துவரம்பருப்பு அளவுக்குப் பளபளப்பான கரி வட்டம். இதுதான் எலெக்ட்ரோடு. இதைக் கரைசலில் முக்கி, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், கரைசலில் உள்ள மருந்து ஒரு குறிப்பிட்ட அளவில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோடு ஒரு மேடு போல எழும்பி இறங்கும். மேடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து அது எந்த மருந்து என்று ஊகிக்கலாம். எவ்வளவு உயரம் என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம்.

வெறும் கரி போதாது. மருந்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்க அதன்மேல் ஒரு மெல்லிய படலம் வேண்டும். விலை உயர்ந்த செயற்கைப் பொருட்களை வைத்து நிறையப் பேர் செய்கிறார்கள். நான் இயற்கையான பாலிமர்களை வைத்துச் செய்தேன். ஒன்று கைட்டோசான், இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. இன்னொன்று செரிசின், அதாவது பட்டு நூலின் மேல் இருக்கும் பசை. சாயம் போடுவதற்கு முன்னால் நூலைக் கொதிக்க வைத்து இந்தப் பசையைக் கழற்றி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாயப்பட்டறையில் சோப்பும் சோடாவும் போடுவதால் அந்தத் தண்ணீர் எனக்கு உதவாது. அண்ணனிடமே கழிவு நூல் வாங்கிப்போய், வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசையை எடுத்தேன். ஆனால் செரிசினுக்கு ஒரு கெட்ட குணம். தண்ணீரில் கரைந்துவிடும். கைட்டோசானோடு சேர்த்து அதை இறுக்கிப் பிடிக்க வைப்பதற்கே எனக்கு ஒரு வருஷம் போனது. அப்படியும் பத்துக்கு இரண்டு படலம் பாதியில் உரிந்து வந்துவிடும்.

அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி சமையலறையில் என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தாள். உள்ளே ஒரு ஸ்பூன் பொடி.

"நீ உன் காலேஜ்ல இதப் பாரு. அவருக்குத் தெரிய வேணாம்," என்றாள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாகப் பொடியைக் கரைத்து, வடிகட்டி, எலெக்ட்ரோடை முக்கினேன். கோடு நேராகப் போனது. பிறகு ஒரு அகலமான சரிவு. அதை ஒட்டி, நான் நான்கு வருஷமாகத் தினமும் பார்க்கிற அதே இடத்தில், ஒரு மேடு. டைக்ளோஃபினாக் நிற்கும் இடம் அது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண வலி மாத்திரைக்குள் இருப்பது.

நான் ஒரு தப்பு செய்தேன். யோசிக்கவே இல்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, பொடியில வலி மாத்திரை கலந்திருக்கு. அண்ணன் இனிமே ஒரு துளி கூட குடிக்கக் கூடாது."

போன் துண்டானது.

அரை மணி நேரம் கழித்து என் வழிகாட்டிப் பேராசிரியை வந்தார். அதிகம் பேசாதவர், தப்பைப் பார்த்தால் குரலை உயர்த்தாமல் கேள்வியாகக் கேட்பவர். திரையைப் பார்த்து முழுக் கதையையும் கேட்டார்.

"மருந்து கலக்காத அதே பொடியை வைச்சு ஓட்டிப் பார்த்தியா?"

"இல்ல மேடம்."

"கடுக்காயில டானின் இருக்கு. அதுவும் எலெக்ட்ரானை விடும். மஞ்சள் இருந்தா அதுவும் விடும். பத்து மூலிகை சேர்ந்தா அதுல ஒண்ணு இந்த இடத்துலயே வந்து நிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. அந்த அகலமான சரிவு மேட்டின் மேல் பாதி ஏறி நின்றது. இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இதை யார்கிட்டயும் சொல்லலையே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யார்கிட்ட?" என்றார்.

அண்ணிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. எங்கள் வாசல்படியில் பொடிக்கார அக்கா நின்றிருந்தார். ஐம்பது வயசு தாண்டியவர். கணவர் இறந்த பிறகு இந்தப் பொடியை வைத்தே இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தவர். அண்ணி மத்தியானமே அவர் வீட்டுக்குப் போய், அங்கே பொடி வாங்க வந்திருந்த நாலு பேர் முன்னால், "விஷத்தை வித்துகினு கீறயே" என்று கத்திவிட்டு வந்திருக்கிறாள்.

"வாம்மா, பெரிய படிப்பு," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் இடிக்கிற பொடியில இங்கிலீஷ் மருந்து கீதுன்னு நீதான் சொன்னியாமே?"

அண்ணன் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மன்னிப்பு கேளு," என்றான் என்னிடம்.

"இன்னாத்துக்கு அவ கேக்கணும்?" என்றாள் அண்ணி. "மிஷின்ல பாத்துட்டுத்தான சொன்னா. சொல்லு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாத்திரை இருக்கிறது என்று அடித்துச் சொன்னால் அண்ணன் ஒருவேளை நிறுத்தியிருப்பான். இல்லை என்றால் அண்ணி தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஒன்றுதான்.

"எனக்கு இன்னும் நிச்சயமா தெரியலக்கா," என்றேன். "இருக்கிற மாதிரி காட்டுது. ஆனா கடுக்காய் கூட அப்படிக் காட்டலாம்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

"தெரியாமத்தான் என் மானத்த வாங்கினியா?" என்றார் அக்கா. "நான் யாரு கண்ணையாவது கட்டி வித்தேனா? எனக்கும் முட்டி வலி கீது. நானும் அதத்தான் குடிச்சிகினு வரேன். விஷம்னா நான் குடிப்பேனா?"

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தடித்திருந்தது. அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் முகம் வீங்கியிருப்பதைப் போலவே.

"அக்கா, ஒரு உதவி பண்ணுங்க," என்றேன். "நீங்க இடிக்கிற சாமான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா குடுங்க. நான் ஒவ்வொண்ணா பாத்துடறேன். நான் சொன்னது தப்புன்னா, இதே தெருவுல எல்லார் முன்னாடியும் உங்க கால்ல விழறேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உன்கிட்ட குடுத்து அனுப்ப மாட்டேன். நானும் வரேன். என் கண்ணு முன்னாடி பண்ணு."

பேராசிரியை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வெளியாளை ஆய்வகத்துக்குள் விட வேண்டும், முடிவு தப்பாகப் போனால் கல்லூரி பெயரும் கெடும். ஒரு நாள் யோசித்துவிட்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார். "எந்த முடிவு வந்தாலும், வேற ஒரு முறையில உறுதி ஆகாம நம்ம வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. இந்தத் தடவை உனக்குப் புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன்.

அந்த இரண்டு நாளும் அண்ணி என்னிடம் முகம் கொடுக்கவில்லை. கல்யாணப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. புதன்கிழமை காலை அண்ணன் என் கண்ணெதிரிலேயே டம்ளரில் பொடியைப் போட்டான். அரை ஸ்பூன் இல்லை, ஒரு முழு ஸ்பூன்.

"அண்ணா, ரெண்டு நாள் பொறுத்துக்கோ. ஒரே ரெண்டு நாள்."

"உனக்கே தெரியலன்னு சொன்ன இல்ல? அப்பறம் இன்னா?" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தறிக்குப் போனான். அன்றைக்கு அவன் சிறுநீர் கழிக்கப் போனது இரண்டே முறை. அண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்தபடி என்னிடம் அவள் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

வியாழக்கிழமை காலை அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனோம். அவர் மடியில் ஒரு ஒயர்கூடை. உள்ளே தனித்தனிப் பொட்டலங்கள்.

ஆய்வகத்தில் அவர் பொட்டலங்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பெயர் சொன்னார். கடுக்காய். சுக்கு. முடக்கத்தான். அமுக்கரா. மஞ்சள். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் வெள்ளைப் பொடி.

"இது சங்கு பஸ்பம். இத நான் பண்றதில்ல. வெளியூர்லேருந்து ஒரு மருந்துக்காரரு மாசாமாசம் கொண்டாந்து குடுப்பாரு. மத்ததெல்லாம் நானே வாங்கி, காய வெச்சி, இடிக்கிறது."

பேராசிரியையும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க முயன்றோம்.

முதலில் எங்களிடம் இருக்கும் சுத்தமான மருந்துக் கரைசலில் எலெக்ட்ரோடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கினேன். கோடு நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. எங்கே மேடு வர வேண்டுமோ அங்கே ஒன்றும் இல்லை. எலெக்ட்ரோடைத் தூக்கிப் பார்த்தால், படலம் ஒரு மீன் செதிலைப் போல உரிந்து கரைசலில் மிதந்துகொண்டிருந்தது.

"இதான் உன் மிஷினா?" என்றார் அக்கா. "இத நம்பித்தான் என்னப் பேசினீங்களா?"

கரி வட்டத்தைத் தேய்த்து மெருகேற்றி, பட்டுப்பசையும் கைட்டோசானும் கலந்த கரைசலில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். அது விளக்குக்கு அடியில் காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டால் மறுபடி உரியும். ஒன்றுக்கு இரண்டாக இன்னொரு எலெக்ட்ரோடையும் தயார் செய்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னா பசை?"

"பட்டு நூல் மேல இருக்கிறதுதான்க்கா. நாம கொதிக்க வெச்சு வெளிய ஊத்துறோமே, அது."

"அதுவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்டுக்காரு சாயப்பட்டறையிலதான் இருந்தாரு. நாள் முழுக்க அந்தப் பசைத் தண்ணியிலதான் கை," என்றார்.

இந்த முறை படலம் நின்றது. சுத்தமான மருந்துக்கு மேடு சரியான இடத்தில் எழும்பியது. கழுவிவிட்டுக் கடுக்காயை வைத்தேன். அகலமான சரிவு, ஆனால் வெகு முன்னாலேயே வந்து முடிந்துவிட்டது. மேடு நிற்க வேண்டிய இடம் சமவெளி. சுக்கு, ஒன்றும் இல்லை. முடக்கத்தான், ஒன்றும் இல்லை. அமுக்கரா, ஒன்றும் இல்லை. மஞ்சள் கொஞ்சம் பக்கத்தில் வந்தது, திங்கட்கிழமை மேட்டின் மேல் ஏறி நின்ற சரிவைப் போலவே. மஞ்சள்தானோ? மூன்று முறை ஓட்டினேன். பக்கத்தில் வந்தது, அந்த இடத்துக்கு வரவில்லை. அமிலத்தன்மையை மாற்றி ஓட்டியபோது இன்னும் விலகிப் போனது.

பிறகு ஐந்தையும் அக்கா சொன்ன அளவில் கலந்து ஓட்டினேன். மேடு இல்லை.

"பாத்தியா?" என்றார் அக்கா, எழுந்து நின்று. "ஒண்ணும் இல்ல. என் பொடியில ஒண்ணும் இல்ல."

"ஆமாங்க," என்றார் பேராசிரியை. "நீங்க இடிக்கிறதுல ஒண்ணும் இல்ல."

வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்தேன். தண்ணீரில் போட்டதும் கரைந்துபோனது. சங்கு பஸ்பம் அப்படிக் கரையாது. எலெக்ட்ரோடை முக்கி ஓட்டினேன். கோடு அந்த இடத்துக்கு வந்ததும் திரையின் உச்சிக்கு எகிறி வெளியே போய்விட்டது. ஆயிரம் மடங்கு தண்ணீர் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் மேடு. அதோடு கொஞ்சம் சுத்தமான மருந்தைச் சேர்த்தேன். அதே மேடு, இடம் மாறாமல், இன்னும் உயர்ந்தது. பக்கத்தில் இரண்டாவது மேடு முளைக்கவில்லை.

அக்காவுக்குத் திரை புரியவில்லை. ஆனால் எங்கள் முகம் புரிந்துவிட்டது.

"இன்னா? இன்னா சொல்லுது?"

பேராசிரியை மூன்று சோதனைக் குழாய்களை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். ஒன்றில் சங்கில் இருக்கும் அதே சுண்ணச் சத்து, ஆய்வக பாட்டிலிலிருந்து. இரண்டாவதில் அவர் கொண்டுவந்த வெள்ளைப் பொடி. மூன்றாவதில் எங்களுடைய வலி மருந்து. மூன்றிலும் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒவ்வொன்றிலும் சில சொட்டு அமிலம்.

முதல் குழாய் சோடா பாட்டிலைப் போல நுரைத்துப் பொங்கியது.

இரண்டாவது நுரைக்கவே இல்லை. தெளிவாக இருந்த தண்ணீர் பால் திரிந்தது மாதிரி வெள்ளையாகத் திரண்டது.

மூன்றாவதும் அப்படியே திரண்டது.

"சங்கா இருந்தா பொங்கியிருக்கணும்," என்றார் பேராசிரியை மெதுவாக. "இது சங்கு இல்லீங்க. இந்த மூணாவது மாதிரி இருக்கு. வேற ஒரு லேப்ல உறுதி பண்ணணும். ஆனா அதுவரைக்கும் யாரும் இதைக் குடிக்கக் கூடாது."

அக்கா இரண்டாவது குழாயையும் மூன்றாவது குழாயையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கி, தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். டாக்டர் செய்ததை அவர் பார்த்ததில்லை. அண்ணி சண்டை போடும்போது சொல்லியிருப்பாள் போல. விரலை எடுத்தார். குழி நின்றது.

"என் கையால கலந்தேன்," என்றார். "அது போட்ட பொறவுதான் பொடி நல்லா கேக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ராசியான கைன்னு சொன்னாங்க."

அழவில்லை. கல்யாணமாகி தேசூரில் இருக்கும் தன் பெரிய பெண்ணின் மாமியாருக்குப் போன வாரம்தான் பெரிய டப்பாவில் அனுப்பியதாகச் சொன்னார். அங்கேயே, எங்கள் முன்னாலேயே, போன் போட்டார். "அந்தப் பொடிய இனிமே குடிக்காதீங்க. கொட்டிடுங்க. காரணம் நேர்ல வந்து சொல்றேன்."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஊர் வந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தறி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அண்ணன் மிதிப்பதை நிறுத்தினான்.

"தம்பி, நிறுத்திடு," என்றார். "அதுல மாத்திரைதான் கீது. எனக்கே தெரியாம என் கையாலயே உனக்குக் குடுத்துட்டேன். நான் கண்ணால பாத்தேன்."

நான் சொன்னபோது நம்பாதவன், டாக்டர் சொன்னபோது நம்பாதவன், அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாடத்தில் இருந்த பொடி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தான். பிறகு கேட்டான், "அப்ப நாளைக்கு நான் எப்படி உக்காருவேன்?"

அண்ணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பேராசிரியை, அக்கா எழுதிக் கொடுத்த மனுவோடு மாதிரியை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒப்படைத்தார். சில வாரம் கழித்து வேறு முறையில் செய்த பரிசோதனையின் முடிவு வந்தது. அதேதான். அந்த மருந்துக்காரரின் போன் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. அவர் கொடுத்த விலாசத்தில் அப்படி ஒருவரே இல்லை என்றார்கள். இன்றுவரை பிடிபடவில்லை.

அக்கா அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டார். யார் யாருக்குப் பொடி கொடுத்தாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். முதல் மூன்று நாள் நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் முகத்தில் அடிக்காத குறையாகக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் வயசான நெசவாளி ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இருக்கட்டும்மா. அந்த வெள்ளைப் பொடி மிச்சம் இருந்தா எனக்கு மட்டும் குடு. இந்த சீசன் முடியிற வரைக்கும்," என்றார். அக்கா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரைக் கெஞ்சி, மகனைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். பெரணமல்லூர் பக்கம் இரண்டு வீடு பாக்கி இருந்தது. அங்கே தனியாகப் போய்வந்தார்.

அண்ணனுக்கு முதல் இரண்டு வாரம் நரகம். அடக்கி வைத்த வலியெல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நாள், "கண்டுபிடிச்சல்ல, இந்தா, வலிய எடுத்துக்கோ," என்று கத்தினான். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. வலி தாங்காமல் மறுபடி எங்கேயாவது மாத்திரை வாங்கிவிடுவானோ என்று அண்ணியும் நானும் மாறி மாறி அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தோம்.

பத்தாவது நாள் பரிசோதனையில் எண் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. டாக்டர் பொறுக்கச் சொன்னார். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே பஸ், அதே வரிசை. மூன்றாவது முறை போனபோது அக்காவும் கூட வந்தார், தனக்கும் பார்க்க. பெஞ்சில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் கை ஜில்லென்று என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அண்ணனின் கிட்னி முக்கால்வாசி மீண்டிருந்தது. முழுசாக வராது என்று டாக்டர் சொன்னார். இன்னும் சில மாதம் போயிருந்தால் டயாலிசிஸ்தான் என்றார். அக்காவுடையது அண்ணன் அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்த அளவைவிடத் தனக்குக் குறைவாகவே போட்டுக் குடித்திருக்கிறார்.

என் ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்தப் பொடி இல்லை. மனிதர்களிடம் இருந்து வாங்கிய மாதிரியை எழுத முறையான அனுமதி வேண்டும், அது எங்களிடம் இல்லை. கடை மாத்திரையையும் குளத்துத் தண்ணீரையும் வைத்து முடித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர், மூலிகைகள் கலந்திருந்தால் இந்தப் படலம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்றார். செய்து பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை போனை மட்டும் நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். என் முடிவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது அது சரி என்று எனக்குத் தெரியாது. பொடிக்கார அக்கா வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு பொடியை விற்றுக்கொண்டே இருந்திருப்பார். அண்ணன் குடித்துக்கொண்டே இருந்திருப்பான்.

அண்ணன் இப்போது காலையில் மூன்று மணி நேரம் நெய்கிறான். பிறகு அண்ணி உட்கார்கிறாள். முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சலித்துக்கொண்டே செய்கிறான். பாதி வலி போகும், பாதி இருக்கும். என்னோடு எல்லாம் பேசுகிறான். அந்தப் பொடியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.